செயலாளர் கொன்ற புல்வெளி

எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் புல்வெளியைக் கொன்றது நான் இல்லை, செயலாளரே. நீங்கள்தான். நான் சொன்ன மருந்து வேறு, நீங்கள் வாங்கி அடித்த மருந்து வேறு. ஆனால் இங்கே வாகட்டில் எங்கள் நாலு கட்டடத்துப் பிள்ளைகளும் என்னைத்தான் 'கில்லர் அங்கிள்' என்று கூப்பிடுகிறார்கள். உங்களுக்கு வர வேண்டிய பட்டத்தை நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

விவரம் தெரியாதவர்களும் இருப்பார்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் மராட்டியப் பக்கம் கட்கியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மழைக்காலம் வந்தால் வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். இலை கேரட் இலை மாதிரி இருக்கும் என்பதால் மராட்டிக்காரர்கள் அதைக் காஜர் கவத் என்பார்கள். கேரட் கிடைக்காது, அரிப்புதான் கிடைக்கும். ஒரு வருடம் வெறுங்கையால் பிடுங்கி, முழங்கை வரை தடித்து வீங்கி, வேலைக்குப் போன இடத்தில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்குப் பிறகுதான் களைக்கொல்லி வாங்கினேன். அப்போது கடையில் கிடைத்தது டூ-ஃபோர்-டி. அது அகல இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். பார்த்தீனியம் முறுக்கிக்கொண்டு சாகும். நடுவில் அருகம்புல் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கும்.

அதற்குக் கெட்ட குணமும் உண்டு. காற்றில் பரவும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் நல்ல காற்றில் வேலியோரம் மருந்தடித்தார். அடுத்த சில நாட்களில் எங்கள் தக்காளிச் செடிகள் சுருண்டு ஜிலேபி ஆகிவிட்டன. என் மனைவி அவர் வாசலுக்கே போய், "உங்க வீட்டுக் களைக்கு எங்க வீட்டு ரசமா கெடைச்சுது?" என்று கேட்டாள். அவருக்குத் தமிழ் தெரியும். மறுநாள் அரைக் கிலோ தக்காளி கொடுத்தனுப்பினார்.

அதிலிருந்து நான் காற்றில்லாத காலையில் மட்டும்தான் அடிப்பேன். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, ஷூ எல்லாம் போட்டுக்கொள்வேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். களைக்கொல்லிக்கென்று ஒரு பம்ப் தனியாக இருக்கும். ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பம்பில் அதை ஊற்றினால் ரோஜாவும் போகும். இலை காயும்வரை குழந்தைகளையும் நாய்களையும் அந்தப் பக்கம் விட மாட்டேன். வாங்கும்போது, போன தடவை வாங்கியதுதானே என்று எடுத்துக்கொண்டு வர மாட்டேன். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படிப்பேன். கொல்கிற ஆள் அங்கேதான் இருக்கிறான். மேலே பெரிதாக இருப்பது அவன் போட்டிருக்கிற சட்டை.

ஓய்வு பெற்ற பிறகு வாகட்டுக்கு வந்தோம். செயலாளரே, நீங்கள் கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் வேலை, எதைக் கேட்டாலும் லேப்டாப்பில் கட்டம் போட்டுக் காட்டுவீர்கள். கணபதி பண்டிகை வருவதற்குள் புல்வெளியில் களை இருக்கக் கூடாது என்றீர்கள். தோட்டக் குழுவில் நான் இருந்ததால் என்னிடம் கேட்டீர்கள். டூ-ஃபோர்-டி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதுதான் புல்லைத் தொடாது என்றேன். கட்கியில் எந்தக் கம்பெனி மருந்தை, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டீர்கள், அதையும் சொன்னேன். நீங்கள் முதலில் சொன்னதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

நான் மகர்பட்டாவில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் தோட்டக்காரர் அடித்து முடித்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். படிக்கத்தான் ஒன்றும் இல்லை. நீங்கள் கேனில் இருந்ததை இரண்டு குளிர்பான பாட்டில்களில் ஊற்றி வைத்துவிட்டு, கேனைப் பழைய சாமான் வாங்குகிறவனிடம் போட்டுவிட்டீர்கள்.

அடுத்த வாரம் புல்வெளி மஞ்சளானது. தோட்டக்காரர் நடந்த வழியெல்லாம் பட்டை பட்டையாக. எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் ராட்சசன் ஒருவன் கோடு போட்ட பைஜாமாவைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. ஒரே ஓர் இடம் பச்சையாக மிஞ்சியது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், நாய்க்குப் பயந்து அவர் போகாத மூலை. அங்கே செழிப்பாக நின்றது பார்த்தீனியம்.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அங்கிள் சொன்ன மருந்தால் இப்படி ஆகிவிட்டது என்று இந்தியில் அறிவித்தீர்கள். என்னைக் குழுவிலிருந்து எடுத்தீர்கள். வெளியே வந்து நான் கேட்டபோது தமிழில் சொன்னீர்கள்:

"அங்கிள், பேரு அதேதானுங்க, படமும் அதேதான். கடைகூட நீங்க சொன்ன கடை. மருந்து மட்டும் எப்புடிங்க மாறும்?"

வீட்டில் என் மனைவி, "கொஞ்ச நாளைக்கு லிஃப்ட்ல போவாதீங்க, படியில போங்க. உடம்புக்கும் நல்லது" என்றாள்.

நான் படியில் இறங்கி நேராக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதே கேனை எடுத்து வைத்தார். பெயரும் படமும் பழையவை. சின்ன எழுத்தில் கிளைபோசேட். உள்ளே இருப்பதை மாற்றி வெகுநாள் ஆகிறது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்று மராட்டியில் சொன்னார். கிளைபோசேட்டுக்குப் புல், பூண்டு என்ற பேதம் கிடையாது. பச்சையாக எது இருந்தாலும் முடித்துவிடும். நான் சொன்ன டூ-ஃபோர்-டி அதே அலமாரியில் வேறு பெயரில், வேறு படத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. இதை உங்களிடம் வந்து சொன்னேன். கூட்டம் முடிந்துவிட்டது அங்கிள் என்றீர்கள்.

புல் போனால் முளைக்கும். செத்த புல்லின் மேல் பச்சைக் கம்பளம் விரித்து, கணபதியையும் உட்கார வைத்துவிட்டீர்கள். என் கவலை வேறு. அன்றைக்கு நாற்காலி எடுக்க பம்ப் ரூமுக்குப் போனேன். பிள்ளைகளுக்காக வாங்கிய குளிர்பானம் வரிசையாக இருந்தது. ஓரத்தில் ஒரு பாட்டில் மட்டும் பாதி, நிறம் கொஞ்சம் வெளிறி. தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அதேதான் என்றார். நான் உங்களை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"இதை யாரு குடிக்கப் போறாங்க அங்கிள்? ஸ்மெல் வருமல்லங்க."

"நாலு வயசுப் புள்ள மோந்து பாத்துட்டா தம்பி குடிக்கும்?"

நான் அந்த பாட்டிலில் நாலு மொழியில் விஷம் என்று எழுதி ஒட்டினேன். தமிழிலும் எழுதினேன், குறிப்பாக உங்களுக்காக. பிறகு மீட்டர் அறையில் பூட்டி வைத்தேன். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். தேடிச் சொல்கிறேன் என்றீர்கள். ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. தோட்டக்காரர் தன்னிடம் இல்லை என்கிறார். வாட்ச்மேன் பார்க்கவில்லை என்கிறார். நான் பார்க்கிங்கில் ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்ப்பதைக் கண்டு பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் குனிகிறேன்.

குழுவில் இடம் எனக்கு வேண்டாம். 'கில்லர் அங்கிள்' என்றே கூப்பிடட்டும், பழகிவிட்டது. வருகிற பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லாப் பெற்றோர்களும் கேட்க, அதே மைக்கில் சொல்லுங்கள் செயலாளரே: அந்த இரண்டாவது பாட்டில் எங்கே?