கூரை மேல் காய்ந்த உப்பு

என் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போனது சம்பளத்துக்காக என்றுதான் தெருவில் எல்லாரும் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் தகரக் கொட்டகையின் சூடு தாங்காமல்தான் அவர் போனார்.

கொட்டகை தூத்துக்குடியில் துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பாதியில் நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறேன். மறுபாதியில் அவருடைய லேத் மெஷின். விசைப்படகுகளுக்கான இரும்புத் தண்டுகளை அதில் கடைந்து கொடுப்பார். ஒரு சித்திரை மாதத்து மதியம் மெஷின் முன்னாலேயே மயங்கி விழுந்தார். நெற்றியில் நாலு தையல். ஏசி போட்ட பட்டறையில் வேலை இருக்கிறது என்று ஏஜென்ட் ஒருவர் சொன்னதும் பெட்டியைக் கட்டிவிட்டார்.

"கொட்டகை சூடு அடங்கட்டும்ளா, மறுநாளே வந்து நிக்கேன்" என்றார் கிளம்பும்போது. ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பெரிய கூலர் மெஷினின் விலையைக் கேட்டதும் எனக்கே மயக்கம் வந்தது. அதனால் பிளாஸ்டிக் பைப்பில் வரிசையாக ஓட்டை போட்டு, கூரை முகட்டில் கட்டி, போர்வெல் மோட்டாரைப் போட்டுவிட்டேன். தகரத்தில் தண்ணீர் வழிந்தபோது உள்ளே என்ன சுகமாக இருந்தது! எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, அதில் பருப்புகூட வேகாது. கூரைக்கு என்ன, அது குடிக்கவா போகிறது என்று நினைத்தேன்.

பத்து நாளில் கூரை வெள்ளையாகிவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"ஏளா, உப்பளம் மாதிரில்லா இருக்கு! வெள்ளையா இருந்தா வெயிலும் ஏறாது. நல்லதாப் போச்சு."

உப்பு ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர், உப்பு இரும்பை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. ஆசை அப்படிக் கண்ணை மறைத்திருந்தது. நான் அவருடைய பழைய லுங்கிகளைத் துவைத்து மடித்து வைக்கக்கூட ஆரம்பித்திருந்தேன்.

ஐப்பசி மழையில் குட்டு வெளிப்பட்டது. துருப்பிடித்த தகரம் பொத்துக்கொண்டு லேத் மேலேயே தண்ணீர் கொட்டியது. போனில் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "சரி, விடு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு கொட்டகையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஓட்டைத் தகரங்களை மாற்றினேன். வெயில் திரும்பவும் ஏற ஆரம்பித்தபோது, என்னோடு தைக்கும் அக்கா ஒருநாள் ஊசியைக் கீழே வைத்தாள். முன்பு உப்பளத்தில் வேலை பார்த்தவள் அவள்.

"அளத்துல நாங்க ஒதுங்குத கொட்டாய்க்குச் சுவரே கிடையாது. நீ நாலு பக்கமும் அடச்சு வச்சிக்கிட்டு, மேல தண்ணியத் தெளிச்சா எப்படி ஆறும்? காத்து எங்கன கூடி வரும்?"

கடல் காற்று பட்டால் லேத் துருப்பிடிக்கும் என்று கிழக்குப் பக்கத்தை முழுக்க அடைத்தது அவர்தான். அடுத்த நாளே இடுப்புயரத்துக்கு மேலே இருந்த தகரத்தைக் கழற்றிவிட்டு வலை அடித்தேன். மேற்கே கூரைக்குச் சற்றுக் கீழே நீளமாகத் திறந்துவிட்டேன். கூரை மேல் சுண்ணாம்பு அடித்தோம், உள்ளே கழித்துப்போட்ட தார்ப்பாய்களைத் தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு இழுத்துக் கட்டினோம். லேத்துக்கு எண்ணெய் பூசி, நல்ல தார்ப்பாயில் ஒரு உறை தைத்துப் போட்டேன். லாரிக்காரர்களுக்குக்கூட நான் அவ்வளவு நெருக்கமாகத் தையல் போட்டதில்லை.

பங்குனி மதியம். கடல் காற்று கிழக்கே நுழைந்து, கூரையடியில் தேங்கிய சூட்டை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. நூல் கண்டுகள் மேஜையில் உருண்டன. அவருடைய சாப்பாட்டு நேரம் வரும்வரை காத்திருந்து போன் செய்தேன்.

"என்ன இரைச்சலு? பெரிய ஃபேன் வாங்கிட்டியா?"

"ஃபேன் இல்லங்க, காத்து. கெழக்கத் தெறந்து விட்டாச்சு. சூடு அடங்கிட்டு. எப்ப வாரீங்க?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"மழையில லேத் நனஞ்சிட்டுன்னு அழுதேல்லா... இனி அந்தக் கொட்டகை சரிப்படாதுன்னு நெனச்சிட்டேன்ளா. அந்த வாரமே இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் கேட்டார்:

"இங்க பட்டறையில ஒரு சன்னல்கூட கிடையாது. போனை அந்தக் கெழக்குப் பக்கமா செத்த நேரம் வையேன்."

வலையோரம் கொண்டுபோய் வைத்தேன். சாப்பாட்டு நேரம் முடியும்வரை அவர் லைனிலேயே இருந்தார்.