முத்துக்கருப்பனுக்காக ஒரு சலான்

பேச்சியம்மா மை தடவிய கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "முடியாதுய்யா. நீ என்ன வேணாலும் பண்ணிக்க."

வாடிப்பட்டிப் பக்கம் கத்தரி போடுகிறவர் அவர். மகன் முத்துக்கருப்பன் எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர். வயிற்று ஆபரேஷனுக்காக அரசாங்கத்தில் மெடிக்கல் அட்வான்ஸ் வாங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. பாதிச் செலவுக்குத்தான் பில் இருந்தது. மீதியை அவருடைய கிராஜுட்டியில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று வாரிசுகள் எல்லோரும் எழுதித் தர வேண்டும். மனைவி செல்வராணி கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரிசு அம்மா. அவர் கைநாட்டு வைக்காமல் ஃபைல் நகராது, செல்வராணிக்கு ஒரு பைசா வராது. செல்வராணி குடியிருந்த கோரிப்பாளையம் வீட்டின் சொந்தக்காரர் வாடகைப் பாக்கிக்காகச் சட்டிபானையை வெளியே எடுத்து வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

பரீட்சை எழுதி இந்த செக்‌ஷனுக்குப் புதிதாக வரப்போகிறவர்களே, ரூலை உங்களுக்கு சீனியர்கள் சொல்லித் தருவார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள். பி.காம். முடித்த கையோடு வந்து சேர்ந்த எனக்கு நாலு வருஷ சர்வீஸ்தான். அதற்குள் ரிட்டயர் ஆகிற வயது வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

"மாமியா மருமக சண்டைடா மாப்ள. நீ போய் டீயைக் குடி, தன்னால சரியாயிரும்" என்றான் பக்கத்து சீட் சேகர்.

சூப்பரண்டு டீயெல்லாம் சொல்லவில்லை. "இந்த ஃபைல் முடியலைன்னா ஆடிட்காரனுக்கு நீதான்யா பதில் சொல்லணும்."

லீவு போட்டு பரவை மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினேன். பேச்சியம்மா கத்தரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? வெரலை வெட்டிக் கொண்டுபோக வந்தியாக்கும்?"

"மருமக மேல கோவம்னா அதை வீட்டோட வச்சுக்கங்கம்மா. அவங்க தெருவுல நிக்கப்போறாங்க."

"அவ மேல எனக்கென்னய்யா கோவம்? எம்மகனுக்கு ராப்பகலா பீ மூத்திரம் அள்ளுனவ அவ." குரல் இறங்கியது. "அன்னைக்கு வாசிச்சியே, அரசுக்குப் பாக்கி வைத்து இறந்தவர்னு. அதுக்கா நான் கைநாட்டு வைக்கணும்? ஒரு பீடி கடனுக்கு வாங்குனவன் இல்லை அவன். பெத்தவளே ஆமான்னுட்டா, ஊருல எவன் இல்லைம்பான்?"

சைக்ளோஸ்டைல் எடுத்த படிவத்தில் வழக்கமாக இருக்கும் வரி அது. நாலு வருஷமாகத் தினமும் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

"எம்புட்டு?" என்றார். சொன்னேன்.

"நேர்ல கட்டுனா?"

ட்ரெஷரியில் சலான் போட்டுக் கட்டிவிட்டால் பிடித்தமே கிடையாது. அந்தச் சம்மதக் கடிதமும் தேவையில்லை. ரூல் இருக்கிறது. கையில் பணத்தோடு எந்த வாரிசும் வந்ததில்லை என்பதால் நாங்கள் யாரும் சொல்வதில்லை.

பேச்சியம்மா பசுமாட்டை விற்றுப் பணத்தோடு வந்தார். ட்ரெஷரி கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார். "கட்டுறது யாரு?"

"முத்துக்கருப்பன்."

அவர் சலானைப் பார்த்தார். "இறந்துட்டாருன்னு போட்டிருக்கு. செத்தவரு எப்படிம்மா வந்து கட்டுவாரு?"

"மாடு அவன் வாங்கிக் குடுத்ததுய்யா. அப்பக் கட்டுறது யாரு?"

கவுன்டர்காரர் பேனாவை என்னிடம் நீட்டினார். 'முத்துக்கருப்பனுக்காக, அவர் தாயார்' என்று எழுதினேன். பேச்சியம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தரமும் வாசிக்கச் சொன்னார். கேட்ட இடத்திலெல்லாம் மளமளவென்று கைநாட்டு வைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். கிராஜுட்டி வந்து சேருவதற்குள் செல்வராணி வீட்டைக் காலிசெய்து மாமியாரோடு போய்விட்டார். பணம் வாங்க இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

அந்த வரியை மாற்றலாமே என்று சூப்பரண்டிடம் கேட்டேன். "ஃபார்மட்ல கை வைக்க நீ யாருய்யா?" வரி அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, மைப்பெட்டியைத் திறக்கும் முன் சலான் வழி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்களிடம் விற்க மாடு இருக்காது. தலையைக் குனிந்துகொண்டு விரலை நீட்டுவார்கள். அப்போது அந்த வரியைப் பக்கத்து மேசைக்குக் கேட்காமல் வாசியுங்கள்.