ரோட்டைப் பார்த்து நிறுத்திய வண்டி

எங்கே போனாலும் என் வண்டியை ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். கோயில் விசேஷமானாலும் சரி, துக்க வீடானாலும் சரி. கிளம்பும் நேரத்தில் வண்டியைப் பின்னால் தள்ளித் திருப்பிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவந்து பரிசோதனை நிலையத்தில் கொடுப்பது என் வேலை. காலை ஐந்தரைக்குச் சூலூரில் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் பதினைந்து வீடு. இந்த வேலையால்தான் காலில் சக்கரம் வந்ததென்று என் வீட்டுக்காரர் சொல்வார். உண்மை அதில்லை, சக்கரம் முதலிலேயே இருந்தது.

ஆட்டம் பார்ப்பதென்றால் எனக்குப் பைத்தியம். ஒயிலாட்டம், பெருஞ்சலங்கை ஆட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையில் ரோட்டை மறித்து நடத்துகிற ஆட்டம் பாட்டம், எதையும் விடமாட்டேன். ஆனால் எதையும் முழுசாகப் பார்த்ததுமில்லை. ஒன்றைப் பார்க்கும்போதே இன்னோர் இடத்தில் எதையோ தவறவிடுகிறேன் என்று உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும். மத்தளம் சூடேறும் நேரத்தில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு மங்களம்கூடக் கேட்டதில்லை.

இந்தப் புத்தியால்தான் அக்காவை இழந்தேன்.

அக்காவுக்கும் எனக்கும் இரண்டே வயது வித்தியாசம். அப்பா அம்மா போய்விட்டார்கள். எங்களுக்கு அண்ணன் தம்பியும் இல்லை. பிறந்த வீட்டு ஆள் என்று சொல்ல அவளுக்கு நான், எனக்கு அவள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் மகளுக்குப் பல்லடத்தில் கல்யாணம் நடந்தது. ஏழரைக்கெல்லாம் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து கோவையில் ரோட்டில் ஒயிலாட்டம். போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கிளம்பிவிட்டேன்.

போனவள் வெறுமனே பார்த்துவிட்டு வந்திருக்கலாம். கூட்டத்தில் இருந்தவர்களையும் ஆட இழுத்தார்கள், நானும் இறங்கிவிட்டேன். கல்யாணப் பட்டுப்புடவையோடு நான் குதிப்பதை யாரோ படம்பிடித்துப் போட்டு, அது நான் திரும்பி வருவதற்குள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. குடும்பப் படம் எடுக்க மேடையில் என்னைத் தேடிக்கொண்டு நின்றவர்கள், அந்த வீடியோவை மாப்பிள்ளை வீட்டார் போனில்தான் பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் எனக்காக விட்டிருந்த இடம் அப்படியே இருக்க, படம் எடுத்து முடித்துவிட்டார்கள். ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளியோடு அந்தப் படம் அவள் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி. நான் பார்த்ததில்லை. அன்றைக்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை, நானும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

போன வருடம் சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஓர் ஊரில், முருகன் வள்ளி கதையைப் பாடிக் கை தட்டி ஆடுகிற வள்ளிக் கும்மி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேர் கொடுத்தேன். இப்போது எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் கும்மிதான். நாற்பது நாள் பயிற்சி, தினமும் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில். கடைசியில் அரங்கேற்றம். மூன்று நாளுக்கு மேல் வராதவர்களுக்கு அரங்கேற்றம் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பார்க்கிற பைத்தியத்துக்குத்தான் முடிவு தெரியாது, ஆடினாலாவது தெரிகிறதா பார்ப்போம் என்று நினைத்தேன்.

ஆசிரியர் பகலில் விசைத்தறி ஓட்டுகிறவர். அத்தனை சத்தத்தில் வேலை செய்கிற மனிதர் மைதானத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களையெல்லாம் உயரவாரியாக நிற்கவைத்து, அந்த வரிசையையே வளைத்து வட்டமாக்கினார். யார் யாருக்கு முன்னால் நிற்பது என்கிற பேச்சே வராது, உயரம்தான் கணக்கு என்றார். ஓர் இடத்தில் இரண்டு பேர் ஒரே உயரமாக வந்தார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி யாரென்று திரும்பிப் பார்த்தால், அக்கா.

அவளும் பேர் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னைப் பற்றித் தெரிந்திருக்காது. ஆசிரியர் அவளை முன்னாலும் என்னை அவளுக்குப் பின்னாலும் நிறுத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

கும்மியில் வட்டத்தில் எல்லோரும் முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போவோம். நாலடி போனதும் ஒற்றைப்படை ஆட்கள் திரும்பி, பின்னால் இருப்பவரைப் பார்த்துக் கை தட்ட வேண்டும். அக்கா ஒற்றைப்படை. ஒரு பாட்டுக்குப் பத்துத் தடவையாவது அவள் என்னைப் பார்த்துத் திரும்புவாள். திரும்பினாளே ஒழிய என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காதைப் பார்த்துக் கை தட்டினாள். பாட்டில் வள்ளி தினைப்புனம் காக்கப் போகிற வரைக்கும் அந்தக் காதைத்தான் பார்த்தாள்.

எட்டாம் நாள் நின்றுவிடலாமா என்று நினைத்தேன். சாயங்காலமானால் வண்டியை எடுப்பேன், வீட்டு வாசலிலேயே அணைப்பேன், மறுபடி எடுப்பேன். ஆனாலும் போனேன். வேறு காரணம் சொல்லி மழுப்ப விரும்பவில்லை. எனக்கு அவள் முகம் வேண்டியிருந்தது. காதைப் பார்க்கிற முகமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆட்டத்தில் என் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். எல்லோரும் மூன்றாவது தட்டில் இருக்கும்போது நான் நாலாவதில் இருப்பேன். ஆசிரியர் பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வருவார்.

“ஏனுங்க அம்மிணி, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?”

மைதானமே சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். தினம் நாலு தடவை அவள் முதுகில் மோதினேன். இடம் மாற்றிக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் அவள் கேட்டாள். பின்னால் நிற்கிறவங்க மிதிக்கிறாங்க என்றாள். கூடப் பிறந்தவளுக்கு நான் ‘பின்னால் நிற்கிறவங்க’ ஆகிப்போனேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, உயரத்தை நான் மாற்ற முடியாதுங்களே என்று சொல்லிவிட்டார்.

இருபதாம் நாளோ இருபத்தொன்றோ, நன்றாகவே மிதித்துவிட்டேன். என் கால் நகம் அவள் குதிகாலைக் கிழித்துவிட்டது. அவள் ஆட்டத்தை நிறுத்தாமல் அந்தப் பாட்டை முடித்துவிட்டு, ஓரமாகப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மண்ணில் ரத்தம் பட்டிருந்தது. தினம் ரத்தம் பார்க்கிறவள் நான். என் பையில் எப்போதும் பஞ்சும் பிளாஸ்டரும் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். வேண்டாமென்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லாமல் காலை நீட்டினாள். துடைத்து ஒட்டினேன். எழுந்திருக்கும்போதுதான் பேசினாள்.

“அப்படி எங்க போறதுக்குத்தான் இத்தன அவசரம் உனக்கு?”

நாலு வருடத்துக்கப்புறம் முதல் பேச்சு. ஏதாவது சொல்லியிருக்கலாம். மன்னித்துவிடு அக்கா என்று ஒரு வார்த்தை போதும். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் வட்டத்துக்குப் போய்விட்டாள். அவசரக்காரி அன்றைக்கு மட்டும் தாமதமாகிப்போனேன்.

அப்புறம் அவள் குதிகாலில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். அது எழும்பினால் எழும்புவது, பதிந்தால் பதிவது. மோதுவது நாலிலிருந்து இரண்டானது, பிறகு ஒன்றானது. பிளாஸ்டரை எடுத்த பிறகும் பார்வையை எடுக்கவில்லை. உள்ளே இருக்கிற அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. முதுகுக்குப் பின்னால் மைதானத்து கேட் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே என்னால் காட்ட முடியும்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கோயில் முன்னால். பெண்களுக்கெல்லாம் ஒரே பச்சைச் சேலை, ஒரே அரக்கு ரவிக்கை. ஆண்களுக்கு வேட்டியும் பச்சைத் துண்டும். முன்னூறு பேர் மூன்று வட்டமாக நின்றோம். என் வீட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, எல்லோருக்கும் முன்னால் முந்திக்கொண்டு போகிறவளைத் தேடினேன், காணவில்லை என்று பிறகு சொன்னார். நான் மோதவில்லை. ஒரு தடவைகூட மோதவில்லை. முருகன் கிழவனாக வந்து, யானையைக் கூப்பிட்டு, வள்ளியைக் கல்யாணம் செய்து முடிக்கும் வரை, முதல் முதலாக ஓர் ஆட்டத்தின் முடிவு வரைக்கும் வந்து சேர்ந்தேன். அக்கா திரும்பித் திரும்பித் தட்டினாள். காதைப் பார்த்தாளா, முகத்தைப் பார்த்தாளா, வியர்வை கண்ணில் இறங்கி எனக்கே சரியாகத் தெரியவில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஊரில் அன்றைக்குப் பெருஞ்சலங்கை ஆட்டம் இருந்தது, எட்டு மணிக்குத் தொடங்குவதாகச் சொன்னார்கள். கோயில் மதிலோரமாக வண்டியை ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். மங்களம் பாடி முடித்ததும் எல்லோரையும் படத்துக்கு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். மறுபடியும் உயரவாரிதான், அதனால் மறுபடியும் அக்கா பக்கத்தில். படம் எடுப்பவர் ஏணியில் ஏறுவதும் இறங்குவதும், ஓரத்தில் நிற்பவர்களை உள்ளே தள்ளச் சொல்வதுமாக இருந்தார். செருகியிருந்த முந்தானையை உருவி முகத்தைத் துடைத்தேன். மணி ஏழே முக்கால். முன்னூறு பேரில் ஒருத்தி குறைந்தால் என்ன என்று தோன்றியது. ஒரு காலைப் பின்னால் வைத்தேன்.

முந்தானை வரவில்லை. யாரோ மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். மெல்ல இழுத்தேன், அப்போதும் வரவில்லை. அதற்குள் எல்லோரும் நேராகப் பார்க்கும்படி ஏணியிலிருந்து சத்தம் போட்டார். எரிச்சலோடு நேராகப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலைந்து படம் எடுத்து முடித்தபோது கூட்டம் கலைந்து முந்தானையும் விட்டுப்போனது. திரும்பிப் பார்த்தால் அக்கா பல்லடம் பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தாள். பெருஞ்சலங்கை ஆட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாதி முடிந்திருந்தது. அதில் மனசு ஒட்டவில்லை, வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் படம் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. காலையில் ஒரு வீட்டு வாசலில், ரத்தம் எடுத்த குப்பியைப் பெட்டியில் வைத்துவிட்டு அதைத் திறந்தேன். பச்சைச் சேலைக் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் பெரிதாக்கினேன். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறேன், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பக்கத்தில் அக்கா ஏணிக்காரரை நேராகப் பார்த்தபடி விறைப்பாக நிற்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடைவெளி இல்லை. என் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.