நிறம் வந்தால் கூப்பிடு

“தண்ணியில நிறம் வந்தா என்னைக் கூப்பிடு.”

“நான் எதுக்குக் கூப்பிடணும்? வேணும்னா நீங்களே இறங்கி வந்து பாருங்க.”

“கூப்பிடு கடிகாரம். கூப்பிட்டாதான் வருவேன்.”

புருஷனும் பெண்டாட்டியும் கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அப்போது காலை மணி 5.50. குத்துமதிப்பாகச் சொன்ன நேரமில்லை இது. அவள் அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இதில் வருகிற மற்ற நேரங்களும் அந்த நோட்டில்தான் இருக்கின்றன. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் “எந்த ரகம்?” என்று கேட்டுச் சிரிக்கிற பெண் அவள். நடக்காததை எழுதி வைக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

அவர்களுடைய தோட்டம் மலைச்சரிவில் இரண்டு ஏக்கர். கிணறு வற்றிவிட்டது. தோட்டத்துக்கு மேலே முந்நூறு அடி ஏறினால் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் விரல் பருமனுக்கு ஓர் ஊற்று. அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட்டால் தக்காளியும் கீரையும் பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் கணவனின் நம்பிக்கை. நம்பிக்கை இருந்தாலும் சோதிக்காமல் எதிலும் இறங்க மாட்டான்.

முதலில் அளவு. இருபது லிட்டர் வாளியை அவன் பிடிப்பான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாளி நிறைந்ததும் விளிம்பில் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவான். டக்... டக். நாற்பத்தெட்டு வினாடி. கோடையிலும் நாற்பத்தெட்டு, அடைமழை ஓய்ந்த மறுநாளும் நாற்பத்தெட்டு. “மழையாவது வெயிலாவது, இது அசையாது. உன்னை மாதிரியே அழுத்தம்” என்பான். அப்போது வைத்த பட்டப்பெயர்தான் கடிகாரம்.

இருவருக்கும் ஒரே நோட்டு. அவள் முன்பக்கத்திலிருந்து அளவுகளை எழுதிக்கொண்டு வந்தாள். அவன் பின்பக்கத்திலிருந்து தன் யோசனைகளையும் படங்களையும் கிறுக்கிக்கொண்டு வந்தான். இரண்டு நோட்டு வாங்கினால் என்ன என்று அவள் கேட்டதற்கு, “எதுக்கு? நடுவுல சந்திப்போம்” என்றான்.

அடுத்தது தண்ணீரின் மூலம். மலைமேல் எருமைகள் விழுந்து கிடக்கிற குட்டை ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர்தான் கசிந்து ஊற்றாக வருகிறதென்றால் குடிக்கவும் ஆகாது, கீரைக்கும் ஆகாது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு சீசா சாயப்பொடி வரவழைத்தான். சீசாவில் இருக்கும்போது செங்கல் நிறம். தண்ணீர் பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை. முதல் சீசாவைக் குட்டையில் கொட்டிவிட்டு இருபது நாள் ஊற்றைக் காத்துக் கிடந்தார்கள். பச்சை வரவில்லை.

அவளுக்கு அதுவே போதும். அவனுக்குப் போதவில்லை. மேலே இன்னொரு இடம் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டால்தான் நிம்மதி என்றான். நகரத்து நண்பன் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த சமயம் அது. அவள் பொறுமை இழந்துவிட்டாள். மலையைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு ஒரேயடியாக அந்த வேலைக்கே போய்த் தொலையலாம், போனால் திரும்பி வா என்று கூப்பிட மாட்டேன் என்று கத்தினாள். பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டது.

மறுநாள்தான் அந்த 5.50. இரண்டாவது சீசாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தோள்பையோடு அவன் மேலே ஏறினான். அவள் ஊற்றடியில் அரைமணி நேரம் நின்றாள். பச்சை வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவன் இறங்கி வரவில்லை.

மூன்று நாள் அவள் ஃபோனைக் கையில் எடுக்கவில்லை. வீராப்பு. நான்காம் நாள் எடுத்தாள். அவன் ஃபோன் அணைந்திருந்தது. நண்பனிடமும் அவன் போய்ச் சேரவில்லை. அவனுடைய தம்பி போலீசில் எழுதிக் கொடுத்து, ஆட்களோடு இரண்டு நாள் குட்டையைச் சுற்றித் தேடினான். அவன் சொன்ன அந்த இன்னொரு இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற சாலை. அங்கே கடை வைத்திருப்பவர், தோள்பையோடு ஒருவர் அன்றைக்குப் பஸ் ஏறியதாகச் சொன்னார். அதோடு எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பெண்டாட்டியோடு சண்டை. ஓடிவிட்டான்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். பகலில் நினைத்தாள். படுத்தபிறகு வேறு மாதிரி நினைத்தாள். ‘வந்துடுங்க’ என்ற ஒரு வார்த்தை தொண்டைக்குழி வரைக்கும் வரும். ஆளில்லாத வீட்டில்கூட அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், அவன் தன்னை விட்டுப் போனதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது.

ஆனால் அவன் ஆரம்பித்ததை அவள் விடவில்லை. கொழுந்தனும் அவளுமாகப் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். ஊற்றிலிருந்து தொட்டிக்கு. தொட்டியிலிருந்து பாத்திக்கு. தோட்டம் பச்சை பிடித்தது. தினமும் விடியற்காலையில், குழாய்க்குத் திருப்பிவிடும் முன்னால், வாளியைத் தட்டைக்கல்மேல் வைத்து அவளே அளப்பாள், அவளே எழுதுவாள். நோட்டின் பின்பக்கத்தை மட்டும் திருப்ப மாட்டாள். அவன் கையெழுத்தைப் பார்க்கிற தெம்பு அவளிடம் இல்லை.

பதினான்கு மாதம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 5.50. வாளி நிறைந்துகொண்டிருந்தது. அவள் கண் கடிகாரத்தில். நாற்பத்தாறு... நாற்பத்தேழு...

டக்... டக்.

நிமிர்ந்தாள். யாருமில்லை. வாளி ததும்பி வழிந்தது. கூழாங்கல் எதுவாவது உருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நோட்டில் ‘48’ என்று எழுதினாள். சத்தத்தை எழுதவில்லை.

புதன்கிழமை, 5.50. தண்ணீரில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

எப்போதும் எலும்பைக் குடைகிற குளிர்ச்சி அது. அன்றைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ ரொம்ப நேரம் பிடித்திருந்துவிட்டு அப்போதுதான் விட்ட கை மாதிரி... மறுபடி கை வைத்தாள். குளிர்ந்துவிட்டது.

இதை எழுதினாள். ‘5.50. சூடு. ஒரு நிமிஷம்.’

வியாழக்கிழமை.

5.50.

பாறை இடுக்கில் முதலில் ஒரு கோடு. நூல் மாதிரி. நூல் தடித்தது.

பச்சை.

கண்ணைப் பறிக்கும் பச்சை.

வாளி, தட்டைக்கல், அவள் கால்விரல்கள்... எல்லாம் பச்சை. 5.51க்குத் தண்ணீர் தெளிந்துவிட்டது. வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அதிலும் வெறும் தண்ணீர்தான்.

அன்று சாயங்காலம் கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அண்ணி ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாச்சு என்று மட்டும் கேட்டான். விடியற்காலையில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான்.

வெள்ளிக்கிழமை இருவரும் ஊற்றடியில் நின்றார்கள். 5.50 ஆனது. 5.55 ஆனது. தண்ணீர் கண்ணாடி மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவன் அளந்து கொடுத்தான், குழாய்க்குத் திருப்பிவிட்டான், அண்ணியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தான். தொட்டியைத் தாண்டும்போது 6.14.

டக்... டக்.

தொட்டிக்குள்ளிருந்து.

“கேட்டுச்சா தம்பி?”

அவன் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான்.

ஆளுயரத் தொட்டி. முழுக்கப் பச்சை.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். “அண்ணி... இது அண்ணன் வாங்கின சாயம்” என்றான்.

6.20க்குத் தண்ணீர் தெளிந்தது.

அவள் நோட்டைப் பிரித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவதுதான். ‘6.14. தொட்டி. பச்சை. தம்பியும் பார்த்தார்.’ அந்த வரியோடு பக்கம் நிறைந்துவிட்டது.

பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கம் வெற்றாக இல்லை.

அவன் கையெழுத்து.

பதினான்கு மாதமாக ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே வந்து, அவன் கடைசியாக எழுதிய பக்கத்தைத் தொட்டிருந்தாள். நடுவில் சந்தித்திருந்தார்கள்.

‘இரண்டாவது இடம். குட்டைக்கு மேற்கே, இரட்டைப் பாறைக்குப் பின்னால். புதர் மூடிய குழி. ஆழம் தெரியல. நாளைக்குப் பொடி போடணும். கடிகாரத்தைக் கீழே நிக்கச் சொல்லணும். கோபத்துல இருக்கா. இருந்தாலும் நிப்பா.’

தினமும் கையில் வைத்திருந்த நோட்டு. போலீஸ் கேட்டபோதும் கையில் இருந்த நோட்டு. அவள் நோட்டை நீட்டினாள். கொழுந்தன் படித்தான். செருப்புகூடப் போடாமல் மலையை நோக்கி ஓடினான்.

11.05க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. அவளை மேலே விடவில்லை. ஊற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

11.48க்குப் பாறைக்குள் யாரோ இருமினார்கள்.

அவள் எழுந்து நின்றாள். “கயித்தை இன்னும் கொஞ்சம் விடுங்க” என்றது ஒரு குரல், காதோடு சொல்கிற மாதிரி. குழிக்குள் இறங்கிய தீயணைப்பு வீரரின் குரல். மேலே அவர் பேசுவது இங்கே, ஊற்று வாயில், ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டது.

அப்படியானால் இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

அன்றைக்கு அவள் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்கும்.

1.30க்குக் கொழுந்தன் இறங்கி வந்தான். அடையாளம் பார்க்க ஒரு பாலித்தீன் பையில் இரண்டு பொருளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒன்று துண்டு. அவள் வாங்கிக் கொடுத்த துண்டுதான். அதில் இறுக்கமாக ஒரு முடிச்சு. எதற்கு முடிச்சு என்று கேட்டாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். அவள் திரும்பவும் கேட்டாள்.

“கால்ல கட்டியிருந்தார் அண்ணி. எலும்பு உடைஞ்சிருக்கு. அவரே... கட்டியிருக்கார்.”

விழுந்த உடனே போய்விட்டவன் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள மாட்டான். எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. மூன்று நாள் ஃபோனைத் தொடாமல் இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

இன்னொரு பொருள் சீசா. சட்டைப் பையில் இருந்ததாம். மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதம் கிழியவே இல்லை. பொடி கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. செங்கல் நிறம். காய்ந்து, பொலபொலவென்று. குழிக்குள்ளும் ஒரு சொட்டு ஈரம் இல்லையென்று இறங்கியவர் சொன்னாராம்.

அந்தச் சாயம் தண்ணீரைத் தொடவே இல்லை.

அப்படியென்றால் வியாழக்கிழமை அவள் காலை நனைத்தது என்ன? தொட்டியில் இருவர் பார்த்தது என்ன? இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மணி மூன்று ஆனது. அவனை இன்னும் மேலே எடுக்க முடியவில்லை. கல் எதுவும் அடைக்கவில்லை, கயிறும் சிக்கவில்லை. ஆனால் இழுத்தால் வரவில்லை. பாறைக்குள்ளிருந்து அந்த வீரரின் குரல் களைப்போடு கேட்டது. “தெரியல சார். வரமாட்டேங்குறார்.”

அவள் சீசாவை மடியில் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 3.22. தண்ணீர் விழுகிற பாறை இடுக்கில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“நிறம் வந்துடுச்சுங்க” என்றாள். “நான்தான் கூப்பிடல. நேரமாச்சு... கூப்பிடுறேன். வீட்டுக்கு வந்துடுங்க.”