எடைக்கல்லின் அடியில் ஈயம்

கள்ளக்குறிச்சி டயர் கடையில், ஜீப் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டியிருந்து கழற்றிப் போட்ட ஈயத்துண்டை நகத்தால் கீறினேன். சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளிபோல ஒரு கோடு மின்னியதும், எதிரேயுள்ள மொபைல் ஷோரூம் மறைந்து, அங்கே முன்பிருந்த புளிமண்டி திரும்பி வந்தது: புளிப்பேறிய சாக்கு வாடை, தராசுச் சங்கிலியின் கிணுகிணுப்பு, வெள்ளிமலையிலிருந்து அம்மா சுமந்து வந்த புளிக்கூடை.

"மலையில எடை போட்டப்ப ஜாஸ்தி இருந்துச்சிங்க" என்பாள் அம்மா, வாரந்தோறும்.

"இரும்பு பொய் சொல்லுமாம்மா?" என்பார் மண்டிக்காரர்.

இரும்பு சொல்லாது. அந்த இரும்புக்கல்லின் அடிக்குழியில், எடையைச் சரிசெய்ய முதலிலேயே ஊற்றியிருந்த ஈயத்துக்கு மேல் அவர் கூடுதலாக அடைத்து வைத்திருந்த ஈயம் சொல்லும். ஊக்குமுனைக்கே அது வழிவிடும் என்பதை ஒருநாள் கல்லைக் கவிழ்த்து விளையாடியபோது கண்டுகொண்டேன். பிறகு வந்த நாளெல்லாம், அவர் சாப்பிடப் போகும் நேரத்தில், சாக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சுருள்சுருளாகச் சுரண்டினேன். அவர் கூட்டி வைத்ததையும் தாண்டி, கல் தன் சரியான எடைக்கும் கீழே இறங்கும்வரை சுரண்டினேன்.

வாங்கிய மூட்டையெல்லாம் வெளியூரில் எடை குறைகிறதென்று ஒருநாள் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இரும்பு பொய் சொல்லுமாங்க?" என்றாள் அம்மா, ஒன்றும் அறியாமல்.

எனக்குப் பாவமாகவே இல்லை. குழியில் இன்னும் கொஞ்சம் ஈயம் மீதமிருந்தது.