முயல் ஓட்டம்

மோடம் இணைப்பு அறுந்துபோவதற்குள் குழுவுக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் அல்சேஷன் நாய் ஜூலிக்கு எட்டு மாதம். படுத்து எழும்போது தயங்குகிறாள் என்று இன்று ஃபெர்ரி ஏறி ஜோர்ஜ் டவுனுக்குக் கொண்டுபோய் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தோம்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

“பாருங்கம்மா, தொடை எலும்போட உருண்டை இந்தக் கிண்ணத்துக்குள்ள நல்லா உட்காந்திருக்கணும். இவளுக்குப் பாதி வெளிய நிக்குது.”

“ஆனா நல்லா ஓடுறாளே டாக்டர்!”

“பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து, முயல் மாதிரியா?”

ஆமாம். அதைப் பார்த்து மகள் சிரிப்பாள் என்று நாங்களே பந்தை எறிந்து எறிந்து ஓடவிடுவோம்.

“அது விளையாட்டு இல்ல லா. வலிக்காம ஓட அவளே கண்டுபிடிச்ச வழி.”

எடை ஏறக்கூடாது, வழுக்கும் தரையில் விடக்கூடாது என்றெல்லாம் சொன்னார். எனக்கு அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வாலை மறைத்துவிட்டால் மனிதப் பிள்ளையின் இடுப்பேதான்.

கையிலிருந்த மகளைக் காட்டினேன். “டாக்டர், இவளும் ஒரு கால இழுத்துத் தவழுற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்.”

“ஐயோ, மானத்த வாங்காத லா,” என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் சிரித்தார். “நான் நாலு காலுக்குத்தாம்மா டாக்டர்.”

“இவளும் இன்னும் நாலு கால்லதானே போறா?”

அவளைத் தரையில் விடச் சொன்னார். தவழ்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் பிள்ளை டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.”

அந்த ‘எதுக்கும்’ இவ்வளவு நேரமாகியும் என்னைத் தூங்கவிடவில்லை. மிருக டாக்டரிடம் பிள்ளையைக் காட்டிய அம்மா இந்தக் குழுவில் வேறு யாராவது உண்டா, இல்லை நான் ஒருத்திதானா?