ஹலினாவின் வழிக்காசு

ஹலினா வைஸ் யாரைக் கண்டாலும் முதலில் சட்டைக் கையைத்தான் பிடிப்பார். குலுக்குவதற்காக நீளும் கையை விட்டுவிட்டு, மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். பிறகு விளிம்பைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். "ஆர் தைச்சது? கள்ளன்," என்பார். அபூர்வமாக எப்போதாவது "பறவாயில்லை" என்றும் சொல்வார். வங்கி முகாமையாளரின் கோட்டுக்கும் இதே மரியாதைதான்.

அவருடைய சொந்தக் கோட்டின் கொலருக்குப் பின்னால் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். பேருந்துத் தரிப்பில் முன்பின் தெரியாத ஒருவரின் பொத்தான் தொங்குவதைக் கண்டால், "அசையாதை" என்று சொல்லிவிட்டு அங்கேயே தைத்துவிடுவார். தைத்து முடிந்ததும் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். வயது எழுபத்தேழு, பற்கள் சொந்தப் பற்கள். "கத்திரிக்கோல் வீட்டிலை மறக்கும். பல்லு மறக்காது."

தமிழ் எப்படி வந்தது என்று டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் யாரும் கேட்பதில்லை. முப்பது வருடம் அவர் நடத்திய தையல்கூடத்தில் மெஷினுக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். மெஷின் சத்தத்துக்கு மேலால் அவர்கள் கத்திக் கதைத்ததெல்லாம் அவருடைய காதில் ஏறிவிட்டது. அதனால் அவருடைய தமிழும் சத்தமாகத்தான் வரும். "கெதியா", "விசர்க்கதை", "தேத்தண்ணி குடிச்சாச்சோ" எல்லாம் வரும். நீளமாக எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் டெனிஷுக்குத் தாவிவிடுவார். அந்த டெனிஷிலும் போலந்து வாடை அடிக்கும்.

அவர் பிறந்தது போலந்தில், நெசவாலைகள் நிறைந்த வூச் நகரத்தில். இருபத்தொரு வயதில் அங்கிருந்து வெளியேறினார். அறுபதுகளின் கடைசியில் அந்த நாட்டு அரசு தன் யூதர்களைப் பார்த்து, நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லிவிட்டது. வேலை போனது, படிக்கிற இடம் போனது. வெளியேறுகிறவரின் கையில் கொடுத்த பயணத்தாளில் அவர் எந்த நாட்டுக்காரர் என்று எழுதியிருக்கவில்லை. போலந்துக் குடிமகள் அல்ல என்பது மட்டும் எழுதியிருந்தது. அந்தத் தாளோடு கொப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு வந்து, அகதிகளுக்காகக் கட்டி வைத்திருந்த கப்பல் ஒன்றில் கொஞ்சக் காலம் கிடந்து, தையல் தெரியும் என்ற ஒரே பலத்தில் ஹேர்னிங்குக்கு வந்து சேர்ந்தார். பின்னல் ஆலையில் வேலை செய்தார். பிறகு தாதிகளுக்கும் சமையற்காரர்களுக்கும் சீருடை தைக்கும் கூடம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கினார். எண்பதுகளில் தமிழர்கள் அகதிகளாக வந்து இறங்கியபோது அந்தக் கூடத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தே இருந்தது. "நான் சீனியர் அகதி. நீங்கள் ஜூனியர். பயப்பிடாதை, நூலைக் கோர்," என்பதுதான் அவர் வைத்த நேர்முகத் தேர்வு.

அப்படி நூல் கோத்தவர்களில் ஒருவர் தவமலர். அவருடைய மருமகள் கஜந்தி யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தபோது ஹலினா கூடத்தை மூடிக் கட்டடத்தையும் விற்றுவிட்டார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. விற்ற காசு முழுவதையும் ஒரு நிதியமாகப் போட்டார். அந்த நிதியம் ஒரே ஒரு காரியம்தான் செய்கிறது. புதிதாக நாட்டுக்கு வந்து வேலை தேடுகிற பெண்களுக்கு வாகனம் ஓட்டப் பழகும் செலவைக் கொடுக்கிறது.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஹேர்னிங் இருக்கும் மத்திய யூலாண்டுப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பேருந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வரும், சில ஊர்களுக்கு அதுவும் வராது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு கொமூன என்கிற நகரசபை ஆள் எடுக்கும்போது முதல் கேள்வியே லைசென்ஸ் இருக்கா என்பதுதான். லைசென்ஸ் எடுக்க ஆகும் செலவோ புதிதாக வந்தவர்கள் எட்ட முடியாதது.

கஜந்தி இரண்டு தரம் சோதனையில் தவறினாள். இரண்டு தரமும் சந்திச் சுற்றுவட்டத்துக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டாள். வெட்கத்தில் ஹலினாவின் கண்ணில் படாமல் ஒளித்துத் திரிந்தவளைக் கடையில் மடக்கிப் பிடித்து, "தையல் பிழைச்சால் என்ன செய்யிறது? பிரிச்சுத் தைக்கிறது. போ, திரும்ப ஓடு," என்று சொல்லி மூன்றாம் தரத்துக்கும் பணம் கட்டினார் ஹலினா. கஜந்தி தேறினாள். அடுத்த மாதமே நிரந்தர வேலை. இன்றைக்கும் அந்தச் சுற்றுவட்டத்துக்குள் போகிற ஒவ்வொரு காலையும் அவள் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறாள்.

வெளியே சொல்ல வழியில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை. ஹலினாவுக்கு யாரும் எதையும் திருப்பிச் செய்ய முடியாது. தமிழ்ச் சங்கம் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டபோது, மேடைக்கு ஏறாமல் அந்தப் பொன்னாடையின் கரையைத் தேய்த்துப் பார்த்து, "நைலோன்," என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் இருந்தார். நிதியத்துக்கு அவருடைய பெயரை வைக்கலாம் என்று சொன்னவர்களுக்கும் பதில் தயாராக இருந்தது. "பேரைக் கொலருக்கு உள்ளைதான் தைக்கிறது. துணி துலையாமல் இருக்க. வெளியிலை தைச்சால் அது விளம்பரம்." காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினாலும் ஏறமாட்டார். "நான் குடுத்த லைசென்சிலை நானே ஏறினால் அது வட்டி."

கூடத்துப் பெண்களுக்குத் தன் கைக்காசில் லைசென்ஸ் எடுத்துக்கொடுத்த நாளிலிருந்தே ஒன்று மட்டும் அவர் தவறாமல் செய்வார். லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு காசை வைத்து அழுத்துவார். நடுவில் ஓட்டை உள்ள ஐந்து குரோனர். ஓட்டைக்குள்ளால் ஒரு நூல் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கும். ஒன்றும் சொல்லமாட்டார்.

சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கைராசிக்காரரின் கையால் கிடைத்த காசை என்ன செய்வது என்று யாழ்ப்பாணத்தாருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? வருடப்பிறப்புக்குக் கிடைக்கும் கைவிசேஷத்தைப் போல அது பத்திரப்படுத்த வேண்டியது. அதிலும் நூல் வேறு கட்டியிருக்கிறது. தவமலர் தன்னுடையதை மஞ்சள் தடவிச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார். கஜந்தி தன்னுடையதைக் காரின் முன்கண்ணாடியில், டாஷ்போர்ட் பிள்ளையாருக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். ஹேர்னிங்கில் ஒரு காரில் அப்படிக் காசு ஆடினால் அதை ஓட்டுகிறவர் யாருடைய பிள்ளை என்று கேட்கத் தேவையில்லை.

போன ஐப்பசியில் ஹலினாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்று ஓகூஸ் நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். விடியற்காலை டாக்சி வருவதற்கு முன்பே கஜந்தியின் கார் அவருடைய வாசலில் நின்றது. ஹலினா பையோடு வெளியே வந்து பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை. விசர்க்கதை."

காருக்குப் பக்கத்தில் மல்லிக்கோப்பிப் போத்தலோடு நின்ற தவமலர் அசையவில்லை. "நீங்கள் ஏறாட்டி நானும் ஏறமாட்டன் அக்கா. இந்தக் குளிருக்கை ரெண்டு பேரும் நிண்டு விறைப்பம். பிறகு ஆஸ்பத்திரியிலை ரெண்டு கட்டில் கேப்பம்."

ஹலினா தவமலரின் கோட்டுக் கையைப் பிடித்துத் தேய்த்தார். மெல்லிய துணி. பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்னிருக்கையில் ஏறினார்.

கார் சில்கேபோர் ஊரைத் தாண்டியது. அவருடைய கண் முன்கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்த காசிலேயே இருந்தது.

"இது என்ரை காசோ?"

"ஓம் அன்ரி."

"ஏன் இஞ்சை இருக்கு?"

"நீங்கள் தந்ததெல்லோ. ஆறு வருசமா ஒரு கீறல் இல்லாமல் ஓடுறன்."

"மற்ற ஆக்கள்? அவையளின்ரை?"

பின்னாலிருந்து தவமலர் பெருமையோடு சொன்னார்: "எல்லாரும் பவுத்திரமா வைச்சிருக்கினம் அக்கா. ஒருத்தரும் செலவழிக்கேல்லை."

ஹலினா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கஜந்தி பயந்துபோய் வேகத்தைக் குறைத்தாள். ஹலினாவோ சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு டெனிஷில் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஊர் யூதர்கள் பயணம் போகிற ஆளிடம் ஒரு காசு கொடுத்துவிடுவார்களாம். போய்ச் சேர்கிற இடத்தில் ஏழை ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட வேண்டுமாம். தருமத்துக்கான காசைக் கொண்டு போகிறவருக்கு வழியில் ஒரு தீங்கும் வராது என்பது நம்பிக்கை. கைநழுவி விழாமல் இருக்கத்தான் நூல். இதையெல்லாம் அவருடைய அம்மாவும் விளக்கியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று அவரும் விளக்கவில்லை.

"நாப்பது பேரை அனுப்பினன்," என்று தமிழுக்குத் திரும்பினார். "ஒருத்தரும் குடுக்கேல்லை."

கஜந்திக்கு முகம் சுண்டிவிட்டது. எந்தக் காசை நன்றியோடு கண் முன்னால் வைத்திருந்தாளோ, அதே காசை இவ்வளவு காலமும் யாரோ ஒருவருக்குக் கொடுக்காமல் மறித்து வைத்திருக்கிறாள். அதுவும் இந்த நாளில், இந்த அம்மா நெஞ்சைத் திறக்கக் கொடுக்கப் போகிற நாளில் தெரிய வேண்டுமா? "அன்ரி, எனக்குத் தெரியாது," என்றாள்.

தவமலர் மசியவில்லை. "போய்ச் சேர்ந்தால்தானே அக்கா குடுக்கிறது? நாங்கள் எங்கை போய்ச் சேர்ந்தம்? இன்னும் ஓடிக்கொண்டெல்லோ இருக்கிறம்."

ஹலினா திரும்பித் தவமலரைப் பார்த்தார்.

"எனக்கும் அம்மா தந்தா," என்றார் பிறகு. "ரெயில் வெளிக்கிடேக்கை. கொப்பன்ஹேகன் முழுக்க ஏழையைத் தேடினன். கிடைக்கேல்லை. கடைசியிலை குடிச்சுப்போட்டுக் கிடந்த ஒரு வெறிகாரன். அவன் போலந்துக் காசைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, பாவம் எண்டு எனக்கே திருப்பித் தந்தான். அண்டு துடக்கம் குடுக்க ஆள் தேடுறதுதான் என்ரை வேலை."

தவமலர் கோப்பிப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். கஜந்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியதும் கஜந்தி கண்ணாடியிலிருந்த காசைக் கழற்றப் பார்த்தாள். தான் போட்ட முடிச்சை அவிழ்த்தாள். காசில் ஹலினா போட்டிருந்த முடிச்சு அப்படியே இருந்தது. நூலோடு சேர்த்து ஹலினாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் வைப்பது போலவே அழுத்தினாள்.

"இண்டைக்கு நீங்கள்தான் பயணம் போறியள் அன்ரி. உள்ளுக்கை போய் ஆருக்காவது குடுங்கோ. வெளியிலை வரேக்கை நாங்கள் இதிலைதான் நிப்பம்."

வேண்டாம் என்று சொல்ல ஹலினா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். காசைப் புரட்டிப் பார்த்தார். "நானும் இன்னும் போய்ச் சேரேல்லைத்தானே," என்றார். கோட்டைக் கழற்றி மடியில் போட்டு, கொலருக்குப் பின்னால் இருந்த ஊசியை உருவினார். கொலரை உள்பக்கமாகத் திருப்பி, பெயர் தைக்கிற இடத்தில் அந்தக் காசை வைத்து, ஓட்டைக்குள்ளால் சுற்றிச் சுற்றி இறுக்கமாகத் தைத்தார். பிறகு குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.